இரண்டு விரல்களில் பிறந்த இசை: ஜாங்கோ ரைன்ஹார்ட்

ஜாஸ் கிட்டார் என்றால் இசை ரசிகர்களின் நினைவுக்கு உடனே வரும் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910 ஜனவரி 23ஆம் தேதி பெல்ஜியத்தில் ஒரு நாடோடிக் குடும்பத்தில் பிறந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற ரோமா மக்களின் வழிவந்த குடும்பம் அது. பாரிஸ் நகரின் ஓரத்தில், வண்டியையே வீடாகக் கொண்டு வளர்ந்தார். பள்ளிப் படிப்பு இல்லை. சிறுவயதிலேயே பேஞ்சோ வாசித்துச் சம்பாதித்தார்.

1928இல், 18 வயதில், அந்த வண்டி வீட்டில் தீப்பிடித்தது. விற்பனைக்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் குபீரென எரிந்தன. உயிர் பிழைத்தாலும் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியே போயின. காலை வெட்டியாக வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அவர் சம்மதிக்கவில்லை.

தம்பி ஜோசப் ஒரு கிட்டார் வாங்கித் தந்தார். படுக்கையில் இருந்தபடியே, மீதமிருந்த இரண்டு விரல்களைப் பழக்கி, புதிய வாசிப்பு முறையை உருவாக்கினார். 1934இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து, டிரம்ஸ் இல்லாமல், தந்தி வாத்தியங்கள் மட்டுமே கொண்ட குழுவைத் தொடங்கிப் புகழ்பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் லட்சக்கணக்கான ரோமா மக்களைக் கொன்றனர். அவர்கள் பிடியிலிருந்த பாரிஸிலேயே ஜாங்கோ வாசித்தார். சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றும் முடியவில்லை. 1940இல் அவர் பதிவு செய்த 'நுவாஜ்' என்ற இசை பிரான்ஸ் முழுவதும் ஒலித்தது.

1946இல் டியூக் எலிங்டனுடன் அமெரிக்க மேடைகளில் வாசித்தார். 1953 மே 16ஆம் தேதி, மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் 43 வயதிலேயே மறைந்தார்.

எல்லா விரல்களும் நலமாக உள்ள கலைஞர்கள், அந்த இரண்டு விரல்களின் வேகத்தை எட்ட இன்றும் பயிற்சி செய்து வருகிறார்கள்.