ஓரியூர்ச் செம்மண்ணும் புனித அருளானந்தரும்

ஆண்டுதோறும் பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தரின் விழாவைக் கொண்டாடுகிறோம். இண்டூர், தருமபுரிப் பக்கமிருந்து ஓரியூர் போகிறவர்களுக்கு அது நீண்ட பயணம். சேலம், திருச்சி தாண்டி, இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரப் பகுதிவரை செல்ல வேண்டும். ஆற்றோரம் செம்மண் மேடும் ஆலயமும் உள்ள சிற்றூர் அது. அங்கே போகுமுன் அந்த மனிதரை நாம் சற்று அறிந்துகொள்வது நல்லது.

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1 அன்று லிஸ்பன் நகரில் பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தவர். சிறுவயதில் கடும் நோய் வந்தபோது, தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். குணமான மகன் ஓராண்டு இயேசு சபையினரின் உடையை அணிந்து திரிந்தான். அந்த உடை பிறகு அவரை விடவேயில்லை. 1662இல் சபையில் சேர்ந்தார், 1673இல் குருவானார், மறு ஆண்டே மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார்.

இங்கே அவர் பண்டார சுவாமியாக வாழ்ந்தார். காவியுடை, மரக்கறி உணவு, ஊர் ஊராக நடை. பண்டார சுவாமிகள் தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகளுக்கும் செல்ல முடிந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். இனி அந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற தடையோடு விடுதலை கிடைத்தது. பின்னர் சபையார் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். அப்போது அரசராகியிருந்த பழைய தோழர் பேதுரு அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் இந்தியாவுக்கே திரும்பினார், தடை விதித்த அதே நாட்டுக்குள் நுழைந்தார்.

அங்கேதான் தடியத்தேவனின் நிகழ்ச்சி வருகிறது. அவர் சேதுபதியின் அரச குடும்பத்தவர், அரியணைக்கும் உரிமை உடையவராகக் கருதப்பட்டவர். நோயிலிருந்து குணமடைந்து திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். அவரும் இணங்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதிக்கு உறவுக்காரர். அவர் அரசரிடம் முறையிட, 1693 ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைதானார்.

மறையுரைகளில் அந்தப் பெண்ணை ஏரோதியாவோடு ஒப்பிட்டுப் பேசுவது நம்மிடையே வழக்கம். எமக்கு அதில் தயக்கம் உண்டு. பராமரிப்புக்கு வழி செய்யப்பட்டாலும், ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தவர் அவர். அவருடைய வலியும் மெய்யானதே. அருளானந்தரோ ஒரு தலைவருக்காக நெறியைத் தளர்த்தியிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம். தளர்த்தியிருந்தால், திருமண நெறி எளியவர்களுக்கு மட்டும் என்றாகியிருக்கும். சேதுபதிக்கு அரியணைக் கவலையும் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இராமநாதபுரத்தில் வைத்துக் கொல்லாமல், தம் சகோதரரின் ஆளுகையில் இருந்த ஓரியூருக்கு அரசர் அவரை அனுப்பினார். சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு குச்சியால் உடன் குருக்களுக்கு மடல் எழுதினார். பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். அன்று ஆற்றோர மேட்டில் தலை வெட்டப்பட்டார். 46 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை.

அவர் இரத்தத்தால்தான் மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. 1853இல் அருளாளராகவும், 1947 ஜூன் 22இல் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார். ஆனால் உரோமை அறிவிக்கும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. அதற்கு வெகு முன்பே அந்த மேட்டுக்குத் திரளாக வந்துகொண்டிருந்தார்கள்.

இன்றும் சிவகங்கை மறைமாவட்டத்தின் இத்திருத்தலத்துக்குக் கத்தோலிக்கரோடு இந்துக்களும் வருகிறார்கள். முடி இறக்குவார்கள், ஆடு வெட்டிச் சமைத்துப் பகிர்வார்கள், தென்னங்கன்று கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள், குழந்தையைப் புனிதருக்கே ஒப்புக்கொடுத்து, ஏலத்தில் பணம் கட்டி மீட்டுத் தூக்கிச் செல்வார்கள். புறப்படும்போது ஒரு பிடிச் செம்மண்ணும் மடியில் இருக்கும்.