மஹுலாவில் நின்ற பயணம்

1897-ஆம் ஆண்டு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. கங்கைக் கரையோரமாக நடந்து சென்ற இளந்துறவி ஒருவர், தாத்பூர் என்னும் சிற்றூரில் ஏழைச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டு நிற்பதைக் கண்டார். வீட்டிலிருந்த ஒரே குடத்தை அவள் உடைத்துவிட்டாள். தாய் அடிப்பாளே என்று அஞ்சினாள். துறவியிடம் இருந்தவை சில அணாக்களே. அவளுக்கு ஒரு மண்குடமும் சிறிது பொரியும் வாங்கித் தந்தார். அதற்குள் பசித்த குழந்தைகள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர்களுக்கும் பொரி வாங்கிக் கொடுத்தார்.

அத்துறவி, பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி அகண்டானந்தர். 1864-இல் கல்கத்தாவில் பிறந்த அவரது பூர்வாசிரமப் பெயர் கங்காதரர். இமயத்திலும் திபெத்திலும் நெடுங்காலம் பரிவிராஜகராகத் திரிந்த அவருக்குத் தனிமையும் தியானமும் இயல்பாகவே இனித்தன. ஆனால் வழிநெடுகக் கண்ட பசி அவரை மேலே செல்லவிடவில்லை. மஹுலா என்ற கிராமத்தில் அவரது பயணம் நின்றது.

மடத்துச் சகோதரத் துறவிகளுக்கு நிலைமையை எழுதினார். பணமும், துணைக்கு இருவரும் வந்து சேர்ந்தனர். மே 15 அன்று அரிசி வழங்கும் பணி தொடங்கியது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் சுவாமி விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனை நிறுவியிருந்தார். அதன் முதல் நிவாரணப் பணி இதுவே.

பஞ்சம் தணிந்ததும் அவர் மீண்டும் இமயத்தை நாடியிருக்கலாம். ஆனால் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்குப் பஞ்சம் அத்துடன் முடியவில்லை. அவர்களுக்கு ஒரு பிடி அரிசி போதாது. வீடு வேண்டும், கல்வி வேண்டும், தம் காலில் நிற்க ஒரு தொழில் வேண்டும். ஆகவே 1898-இல் அநாதைச் சிறுவர்களுக்காக ஆசிரமம் அமைத்தார். முஸ்லிம் சிறுவர்களையும் சேர்க்க வேண்டும், அவர்களது மதத்தில் சிறிதும் தலையிடலாகாது என்று சுவாமி விவேகானந்தர் அவருக்குக் கடிதத்தில் அறிவுறுத்தியிருந்தார். நாளடைவில் ஆசிரமம் சார்காச்சியில் சொந்த நிலத்தில் நிலைபெற்றது. அங்கே படிப்புடன் நெசவும் தையலும் தச்சுவேலையும் கற்பிக்கப்பட்டன.

1899-இல் பாகல்பூர்ப் பகுதியில் வெள்ளம் புகுந்தபோது அங்கு சென்று, காலராவுக்கு நடுவே வாரக்கணக்கில் தங்கிச் சேவை செய்தார். 1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. எனினும் இடிந்து கிடந்த முங்கேர் பகுதிக்கு நேரில் சென்றார். அதே ஆண்டில் ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் மூன்றாவது தலைவரானார். தலைமைப் பொறுப்பு வந்த பின்னும் சார்காச்சியின் எளிய வாழ்வை அவர் விடவில்லை. 1937 பிப்ரவரி 7 அன்று மகாசமாதி அடைந்தார்.

துன்பம் வந்த நாளில் ஓடிச்சென்று உதவுவது கருணை. துன்பம் நீங்கியதாக ஊரார் எண்ணிய பின்னும் அங்கேயே தங்கி, விடுபட்டவர்களைத் தாங்கி நிற்பது வழிபாடு. சுவாமி அகண்டானந்தர் ஜீவனில் சிவனைக் கண்டு, நாற்பது ஆண்டுகள் இடையறாது அந்த வழிபாட்டைச் செய்தார்.