கணிதப் பேரறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த நம் திருவண்ணாமலைப் பகுதியினின்று, இராஜபாளையம் வழியாகத் தெற்கே செல்லும் பெருவழி, தென்காசியைக் கடந்து செங்கோட்டையை அடைகின்றது. அதனை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில், 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சுப்பையா பிள்ளையின் புதல்வராகத் தோன்றியவர் சிவசங்கரநாராயண பிள்ளை.

குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையையும் இழந்தார். கல்வி அத்துடன் நின்றிருக்கும். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி புரிந்து அதனைக் காத்தனர். பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று, 1927இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரானார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கினார். எவ்வியல் எண்ணையும் எழுபத்துமூன்றுக்கு மேற்படாத ஆறாம் அடுக்குகளின் கூட்டலாகக் காட்டலாம் என நிறுவியது அவர்தம் பெரும் புகழ்.

அவர் ஆராய்ந்த மற்றொரு பொருளை ஈண்டுச் சிறிது விளக்குவோம். ஒரு கணத்தின் உட்கணங்கள் சிலவற்றைத் தொகுத்ததாகக் கொள்வோம். அத்தொகுதியில் முழுக்கணம் இருத்தல் வேண்டும்; ஒரு கணம் இருப்பின் அதன் நிரப்பியும் இருத்தல் வேண்டும்; ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தத்தக்க கணங்கள் இருப்பின், அவை முடிவின்றி நீளினும், அவற்றின் சேர்ப்பும் இருத்தல் வேண்டும். இவ்விலக்கணம் அமைந்த தொகுதியே சிக்மா இயற்கணிதம். நிரப்பிகளின் சேர்ப்புக்கு நிரப்பி காணின் வெட்டு கிடைத்தலால், வெட்டும் அதனுள் அடங்கும்.

இதன் பயன் யாது? பத்தடிமான விரிவில் ஒவ்வோர் இலக்கமும் பத்தில் ஒரு பங்கும், ஒவ்வோர் இலக்க இணையும் நூற்றில் ஒரு பங்கும், இவ்வாறே நீண்ட தொடர்களும் உரிய விகிதத்தில் வருமாயின், அவ்வெண் அவ்வடிமானத்தில் இயல்நிலை எண்ணாகும். ஒவ்வொரு தொடரிலும் பிழைபடும் எண்களின் கணத்திற்கு அளவை சுழி. வரிசைப்படுத்தத்தக்க அக்கணங்களின் சேர்ப்புக்கும் அளவை சுழியே. ஆதலின், ஏறக்குறைய எல்லா எண்களும் இயல்நிலை எண்களே என்பது 1909இல் பிரெஞ்சு அறிஞர் போரெல் கண்ட முடிபு.

நீண்ட தொடர்களை யெல்லாம் சோதித்தல் அரிது. பத்து, நூறு, ஆயிரம் முதலிய அடிமானங்களில் தனியிலக்கங்கள் சமமாக வரின் அதுவே போதும் எனப் பிள்ளை 1940இல் காட்டினார்.

1942இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்றார். 1950இல், அமெரிக்காவில் நிகழ்ந்த உலகக் கணித மாநாட்டுக்கும் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையத்துக்கும் புறப்பட்டவர், ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் உயிர் நீத்தார். அப்போது அகவை நாற்பத்தொன்பதே.

தாய்தந்தையரை இழந்த ஒரு சிறுவனுக்கு ஆசிரியர் ஒருவர் செய்த உதவி, உலகம் போற்றும் கணிதமாய் விளைந்தது. கற்பாரும் கற்பிப்பாரும் இதனை நெஞ்சிற் கொள்வோமாக.