தலைமறைவிலிருந்து மந்தையைக் காத்த ஆயர்

முதலாம் நற்கருணை மன்றாட்டைக் குருவானவர் பெயர்வரிசை முழுவதோடும் சொல்லும் நாட்களில் உற்றுக் கேட்டால் ஒன்று விளங்கும். லீனுஸ், கிளேத்துஸ், கிளமெந்து, சிக்ஸ்துஸ், கொர்னேலியுஸ் என்று ஐந்து பாப்பரசர்களின் பெயர்கள் அடுத்தடுத்து வரும். ஆறாவதாக வருபவர் சிப்பிரியான். இவர் பாப்பரசர் அல்லர். உரோமை நகரத்தவரும் அல்லர். இன்று துனீசியா எனப்படும் நாட்டிலிருந்த கார்த்தேஜ் நகரத்தின் ஆயர். அதுமட்டுமல்ல, ஒரு பாப்பரசரோடு கடுமையாக வாதாடி, அந்த வாதம் தீராமலே இறந்தவர். அப்படிப்பட்டவரின் பெயரை உரோமைத் திருச்சபை தன் பலிபீடத்திலே வைத்துச் சொல்லி வருகிறது.

திருச்சபைப் பிதாக்களின் எழுத்து என்றால், குருமடத்து அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும் இலத்தீன் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நம் நாட்டுத் தமிழர் ஒருவர் அப்படி எண்ணவில்லை. ஊர்காவற்றுறைக் கரம்பனிலே பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளாரைத் (1913–1980) தமிழாராய்ச்சியின் பெயரால் உலகம் அறியும். 1964ஆம் ஆண்டு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமாயிருந்தவர் அவர். ஆனால் சங்க இலக்கியத்துக்குள் நுழையுமுன், உரோமையிலே இறையியல் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள், சிப்பிரியான் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றியது. பழைய ஏட்டைப் பொறுமையோடு படிக்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே கைவந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் படித்தவற்றுள் முக்கியமானவை கடிதங்கள். சிப்பிரியான் பெயரால் இன்று நம் கையில் இருப்பவை 81 கடிதங்கள். அவற்றுள் ஏறக்குறைய அறுபது அவர் எழுதியவை. எஞ்சியவை பெரும்பாலும் அவருக்கு வந்தவை. ஒரு நகரத்துச் சபையின் அன்றாட வாழ்வு, கணக்குவழக்கு, சண்டை சச்சரவு எல்லாம் அவற்றிலே கிடக்கின்றன.

சிப்பிரியான் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். நாவன்மைக் கலையைக் கற்பிக்கும் ஆசானாகப் பேரும் புகழும் பெற்றிருந்தார். நடுவயதில், ஒரு முதிய குருவின் நட்பினால் மனந்திரும்பி, 246ஆம் ஆண்டளவில் ஞானஸ்நானம் பெற்றார். சொத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு மூன்று ஆண்டுகள் செல்வதற்குள்ளேயே மக்கள் கூடி நின்று அவரை ஆயராகக் கேட்டார்கள். நேற்று வந்தவனுக்கு இன்று ஆயர் பதவியா என்று மூத்த குருக்கள் ஐவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மனக்கசப்பு அவரைக் கடைசிவரை விட்டபாடில்லை.

ஒரு சிறு கடிதம். நாடகக்காரன் ஒருவன் மனந்திரும்பிச் சபையிலே சேர்ந்தான். மேடையை விட்டான்; ஆனால் பிழைப்புக்காகச் சிறுவருக்கு அந்தக் கலையையே சொல்லிக்கொடுத்து வந்தான். இவனை என்ன செய்வது என்று அயலூர் ஆயர் கேட்டெழுதினார். சிப்பிரியானின் பதில்: அத்தொழிலை விடத்தான் வேண்டும், ஆனால் விட்டவன் பட்டினி கிடக்கக் கூடாது, எளிய உணவை உங்கள் சபை கொடுக்கட்டும், உங்கள் சபைக்கு வசதியில்லையானால் அவனை இங்கே அனுப்பிவிடுங்கள், சோறும் துணியும் நாங்கள் கொடுக்கிறோம். பாவத்தொழிலை விடு என்று சொல்ல எவராலும் முடியும். விட்டபின் அவன் வீட்டு அடுப்பு எரிவதற்கு வழிசொன்னவர் இவர்.

250ஆம் ஆண்டிலே புயல் வந்தது. பேரரசெங்கும் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெறவேண்டும் என்று பேரரசன் தேசியுஸ் கட்டளையிட்டான். பெயரும் ஊரும் எழுதி, சாட்சிகள் கையொப்பமிட்ட அத்தகைய தாள்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்து நாட்டு மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. தாள் ஒன்றின் கனம் எவ்வளவு என்று மலையகத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் சான்றிதழுக்காக அலைந்தே ஆயுளைக் கழித்த பாட்டன் பாட்டிமார் எத்தனையோ வீடுகளில் இருந்தார்கள்.

கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாக விழுந்தார்கள். பிடித்திழுக்குமுன் தாங்களாகவே ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகளே சொல்லுமளவுக்குக் கூட்டம். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. வேறு சிலர் பலியிடாமல், பணங்கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். இன்னுஞ் சிலரோ சிறையில் வாடி, சித்திரவதைப்பட்டு, உயிரையும் விட்டார்கள்.

ஆயர் எங்கே? அவரைச் சிங்கத்துக்குப் போடு என்று ஊர் கத்திக்கொண்டிருக்க, அவர் நகரை விட்டு மறைந்துவிட்டார். இதை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. உரோமையிலிருந்த குருக்களே, மந்தையை விட்டு ஓடிய மேய்ப்பன் என்னும் தொனியில் எழுதினார்கள். தாம் அங்கிருந்தால் கலகம் மூண்டு மக்களுக்கே கேடு வரும் என்பது அவர் சொன்ன நியாயம். அதை ஏற்பதும் ஏற்காததும் வாசகர் விருப்பம். ஆனால் ஓராண்டுக்கு மேலாக மறைவிடத்திலிருந்து அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் அவர் சும்மா இருக்கவில்லை என்பது தெரிகிறது. விதவைகள், நோயாளிகள், ஏழைகள், வேற்றூரிலிருந்து வந்து தவிப்பவர்கள் ஆகியோருக்கெல்லாம் ரொகாசியான் என்ற குருவிடம் தாம் விட்டுவந்த சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கும்படி எழுதுகிறார். போதாமற்போகும் என்று மேலும் பணம் அனுப்புகிறார்.

புயல் ஓய்ந்ததும் பெரிய கேள்வி எழுந்தது. விழுந்தவர்கள் திரும்பி வந்து வாசலிலே நிற்கிறார்கள்; என்ன செய்வது? சிறைப்பட்டு விசுவாசத்தில் நிலைத்தவர்களிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிவந்து, உடனே நற்கருணை தா என்று கேட்டவர்கள் பலர். சில சீட்டுகளில் இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் என்று மட்டும் எழுதியிருந்தது. சேர்ந்தவர் பத்துப்பேரா, முப்பது பேரா? வீட்டாரா, வேலைக்காரருமா? இப்படிச் சீட்டுக் கொடுக்காதீர்கள் என்று சிப்பிரியான் வருந்தி எழுதினார். அவரை ஏற்காத குருக்களோ சீட்டு வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். உரோமையிலே நொவாசியான் என்பவர் மறுகரைக்குப் போய், விழுந்தவனுக்குச் சாகும்வரை மன்னிப்பில்லை என்று தனிச்சபையே அமைத்தார்.

சிப்பிரியான் இரண்டு பக்கமும் சாயவில்லை. 251ஆம் ஆண்டில் ஆயர்களைக் கூட்டினார். தாள் மட்டும் வாங்கியவன் வேறு, வாதைக்குப் பயந்து பலியிட்டவன் வேறு, தானும் ஓடி அயலானையும் இழுத்துப்போனவன் வேறு. ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியே கேட்டுத் தவம் விதியுங்கள் என்பது அங்கு எழுந்த தீர்ப்பு. கதவை அடைக்கவில்லை, அகலத் திறந்தும் விடவில்லை. பதுளையிலிருந்து ஏறிவரும் கோச்சி தெமோதரை நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தால் போகிறது. நிலையம் தலைக்கு மேலேதான். ஆனாலும் மலையைச் சுற்றி வந்த பிறகே அதை அடையலாம். தவம் செய்வோரின் பாதையும் அப்படித்தான் இருந்தது. ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் கலாபனை வரும் என்று கண்டபோது, தவத்தில் நிலைத்திருந்த எல்லோரையும் அவர் காலந் தாழ்த்தாமல் சேர்த்துக்கொண்டார். போருக்குப் போகிறவர்களை ஆயுதமில்லாமல் அனுப்பலாகாது என்பது அவர் கருத்து.

நம் கோயில்களிலும் பல ஆண்டு வராமல் இருந்துவிட்டு ஒருநாள் கடைசி வாங்கில் வந்து உட்காருபவர் உண்டு. அவரைத் திரும்பிப் பார்த்து முணுமுணுப்பவர்களும் உண்டு.

252ஆம் ஆண்டளவில் கொள்ளைநோய் கார்த்தேஜைத் தாக்கியது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தொண்டைப்புண், சிவந்துபோன கண்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காலோ காதோ கண்ணோ போயிற்று. அவர் இந்நோய்க்குறிகளை எழுதிவைத்ததனாலேயே சரித்திர ஆசிரியர்கள் அதற்கு அவர் பெயரை இட்டிருக்கிறார்கள். வீட்டார் நோயாளியை வீதியிலே விட்டு ஓடிய நேரம் அது. சிப்பிரியான் தம் மக்களைக் கூட்டி, பணமுள்ளவர் பணத்தையும் இல்லாதவர் உடலுழைப்பையும் தரும்படி பிரித்துவிட்டார். நம்மவர் மட்டுமல்ல, நம்மைத் துன்புறுத்திய அயலாரும் கவனிக்கப்பட வேண்டும் என்றார் என அவருடைய தியாக்கோன் போன்சியுஸ் எழுதிய வரலாறு சொல்கிறது. நுமிதியா நாட்டுக் கிறிஸ்தவர்களைக் கொள்ளையர் பிடித்துச் சென்றபோது மீட்புப் பணமாகக் கார்த்தேஜ் சபை ஒரு இலட்சம் செஸ்தர்ஸ் காசு திரட்டியது. கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியலையும் சேர்த்தனுப்பி, செபத்தில் இவர்களை நினையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கோயிலுக்கு வெறுங்கையோடு வந்து, ஏழை கொண்டுவந்த காணிக்கையிலே பங்குகொண்டு போகும் செல்வச் சீமாட்டிகளையும் அவர் சும்மா விடவில்லை.

பாப்பரசர் முதலாம் ஸ்தேவானோடு நடந்த வாதத்தையும் சொல்லிவிடுவோம். பிரிந்துபோன சபைகளில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, திரும்பவும் கொடுக்கவேண்டும் என்றார் சிப்பிரியான். 256ஆம் ஆண்டு செப்டெம்பரில் 87 ஆயர்கள் கூடி அவர் பக்கம் நின்றார்கள். உரோமை மறுத்தது. பிற்காலத் திருச்சபை உரோமையின் பக்கமே முடிவெடுத்தது; ஆகவேதான் முறையாக ஞானஸ்நானம் பெற்ற மற்றச் சபையார் நம்மோடு சேரும்போது அதைத் திரும்பக் கொடுப்பதில்லை. சிப்பிரியான் பிழைபட்டார், ஆனால் அதற்காகச் சபையைப் பிளந்துகொண்டு போகவில்லை.

257இல் பேரரசன் வலேரியான் மறுபடியும் கலாபனையைத் தொடங்கினான். சிப்பிரியான் கூருபிஸ் என்ற கடற்கரை ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கிருந்து, நுமிதியாச் சுரங்கங்களில் வேலைசெய்யத் தள்ளப்பட்ட ஒன்பது ஆயர்களுக்கும் அவர்களோடிருந்த குருக்களுக்கும் மக்களுக்கும் எழுதிய கடிதம் இருக்கிறதே, அதைப் போல ஒன்று வேறில்லை. காலில் விலங்கு, படுக்கப் பாயில்லை, குளிக்க நீரில்லை, தலை பாதி மழிக்கப்பட்டிருக்கிறது, குளிருக்குத் துணியில்லை, உணவு சொற்பம். இவை ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறுதல் சொல்கிறார். அங்கே திருப்பலி நிறைவேற்ற வழியில்லை என்பதே அந்த ஆயர்களின் பெருந்துயர். உங்கள் நொறுங்கிய உள்ளமும் வாதைப்பட்ட உடலுமே இரவும் பகலும் கடவுள் ஏற்கும் பலி என்கிறார். விடியற் குளிரில் பிரட்டுக்களத்தில் நின்று பழகியவர்களுக்கும், குரு எப்போதாவது வந்துபோகும் தோட்டத்துக் கோயில்களில் செபமாலை சொல்லி ஞாயிறைக் கழித்தவர்களுக்கும் இக்கடிதத்துக்கு விளக்கவுரை வேண்டாம். வெறும் ஆறுதலோடு நிற்கவுமில்லை. ஒரு உபதியாக்கோனும் பீடத்துணைவர் மூவரும் பண உதவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுரங்கத்திலிருந்து வந்த நன்றிக் கடிதங்களும் இன்றுவரை இருக்கின்றன.

அடுத்த ஆண்டு அவரைத் தம் தோட்டவீட்டுக்குத் திரும்ப விட்டார்கள். 258 ஆகஸ்டில் பாப்பரசர் இரண்டாம் சிக்ஸ்துஸ் உரோமையில் கொல்லப்பட்ட செய்தி வந்தது. ஆளுநன் உத்திக்கா நகரிலிருந்து அவருக்கு ஆளனுப்பினான். அங்கே போகாமல் அவர் சிலநாள் மறைந்திருந்தார். உயிருக்குப் பயந்தல்ல. ஓர் ஆயர் தம் சொந்த நகரில், தம் மக்கள் கண்முன்னே சாட்சியம் பகரவேண்டும் என்பது அவர் பிடிவாதம்; கடைசிக் கடிதத்தில் அதைத்தான் எழுதுகிறார். ஆளுநன் கார்த்தேஜுக்கு வந்ததும் தோட்டவீட்டுக்குத் திரும்பினார், அங்கே பிடிபட்டார்.

செப்டெம்பர் 14ஆம் நாள் விசாரணை சில வாக்கியங்களில் முடிந்தது. பலியிட மறுத்தார், வாளால் வெட்டும்படி தீர்ப்பாயிற்று. தாங்களும் அவரோடு சாகிறோம் என்று மக்கள் ஆரவாரித்துப் பின்தொடர்ந்தார்கள். மரங்கள் சூழ்ந்த அந்த வெளியில் சிலர் மரத்திலேறிப் பார்த்தார்கள். மேலாடையைக் கழற்றி, முழந்தாளிட்டுச் செபித்தார். வெட்டுகிறவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கும்படி தம்மவர்களுக்குச் சொன்னார். மக்கள் அவர் முன்னே துணிகளை விரித்தார்கள். கண்ணைத் தாமே கட்டிக்கொண்டார். கைகளைக் கட்டத் தம் குருவொருவரும் உபதியாக்கோன் ஒருவரும் உதவினார்கள். அன்றிரவு மெழுகுவர்த்திகளும் தீப்பந்தங்களும் ஏந்தி, மறைந்தல்ல, செபம் சொல்லிக்கொண்டு பவனியாகவே எடுத்துப்போய் அவரை அடக்கம் செய்தார்கள்.