ஓட்டை அட்டைத் தாத்தா ஹெர்மன் ஹாலரித்

சுவர்ப் பத்திரிகையில் அறிஞர் வரலாறு என்றால் எடிசன், மேரி க்யூரி என்றுதான் எழுதுவோம். நான் இந்தத் தடவை அதிகம் பேருக்குத் தெரியாத ஹாலரித்தை எடுத்திருக்கேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கடைசியில் சொல்றேன்.

ஹெர்மன் ஹாலரித் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி அமெரிக்காவில் பஃபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். 4 வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவருக்குப் பிறந்தநாள்! அதிலும் 1900 லீப் வருஷம் இல்லை. அதனால் 1896-க்கு அப்புறம் 1904-ல்தான் அந்தத் தேதி வந்தது. பாவம்!

சின்ன வயசில் அவருக்கு ஸ்பெல்லிங் என்றாலே பயம். அந்தப் பாடவேளைக்குப் பயந்து மாடி ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார் என்று சொல்வார்கள். (நீங்க யாரும் செஞ்சு பார்க்காதீங்க!) ஆனாலும் படிப்பை விடவில்லை. 1879-ல், 19 வயசில், கொலம்பியா சுரங்கக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்.

அப்புறம் 1880-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அமெரிக்காவில் 5 கோடிப் பேர். ஒவ்வொருத்தர் வயசு, தொழில், பிறந்த நாடு எல்லாம் பெரிய பெரிய தாளில் வரிசை வரிசையாக எழுதியிருக்கும். வெளிநாட்டில் பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எல்லாத் தாளையும் பார்த்து, கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணணும். அடுத்த கேள்வி கேட்டால் மறுபடியும் முதல் தாளிலிருந்து! இப்படி எண்ணி முழுசாக முடிக்க 7 வருஷத்துக்கு மேல் ஆனது.

அங்கே பில்லிங்ஸ் என்ற டாக்டர், இதற்கு ஒரு மெஷின் இருந்தால் நல்லது என்று ஹாலரித்திடம் சொன்னார். அந்தப் பேச்சு ஹாலரித் மனசில் ஒட்டிக்கொண்டது. முதலில் நீளமான காகிதச் சுருளில் ஓட்டை போட்டுப் பார்த்தார். அதில் ஒரு ஆளைத் தேட சுருள் முழுக்க ஓட்டணும். அதனால் ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்று மாற்றினார். ரயிலில் கண்டக்டர் பயணியின் முடி நிறம், கண் நிறம் இதையெல்லாம் டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் குறிப்பதை அவர் பார்த்திருக்கிறார். அந்த யோசனைதான் அட்டையில் வந்தது. ஆணுக்கு ஒரு இடத்தில் ஓட்டை, பெண்ணுக்கு வேறு இடத்தில் ஓட்டை. எங்க சித்தப்பா பட்டுத்தறி நெய்கிறார். அவர் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையும் இதே மாதிரிதான். அதில் ஓட்டை பூ ஆகிறது, இதில் ஓட்டை ஆள் ஆகிறது.

மெஷினில் அட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் மேலிருந்து ஊசிகள் இறங்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் ஊசி உள்ளே போய்க் கீழே இருக்கும் பாதரசத்தைத் தொடும். உடனே மின்சாரம் பாய்ந்து கடிகாரம் மாதிரி இருக்கும் முள் ஒரு எண் நகரும். பக்கத்தில் உள்ள பெட்டியில் சரியான அறையின் மூடியும் திறக்கும். அட்டையை அதில் போட்டுவிடலாம். ஒயரை மாற்றிக் கொடுத்தால், பெண்ணாகவும் இருக்கணும், வெளிநாட்டில் பிறந்தும் இருக்கணும் என்று 2 நிபந்தனையும் சேர்த்தே எண்ணலாம். அட்டை சரியாக எண்ணப்பட்டால் ஒரு மணி அடிக்கும். அடிக்கவில்லை என்றால் ஏதோ தப்பு, அந்த அட்டையைத் தனியே எடுத்துப் பார்க்கணும்.

1889-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே வருஷம் 3 முறைகளுக்குப் போட்டி வைத்தார்கள். மற்ற இருவர் முறையில் எண்ண 44 மணி நேரமும் 55 மணி நேரமும் ஆனது. ஹாலரித் மெஷின் ஐந்தரை மணி நேரத்தில் முடித்தது! 1890 கணக்கெடுப்பில் 6 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை அவருடைய மெஷின்கள்தான் எண்ணின. 1896-ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். 1911-ல் அது வேறு கம்பெனிகளோடு சேர்ந்தது. 1924-ல் அதன் பெயர் ஐ.பி.எம். என்று மாறியது. 1929 நவம்பர் 17-ஆம் தேதி வாஷிங்டனில் ஹாலரித் காலமானார்.

இப்போ என் காரணம். போன மாதம் கண் பரிசோதனை முகாமுக்காக எங்க வகுப்பில் 42 பேர் விவரத்தையும் நான்தான் கம்ப்யூட்டரில் டைப் செய்தேன். கரும்பலகை தெரிகிறதா என்ற கட்டத்தில் 'ஆம்' அல்லது 'இல்லை' போடணும். டீச்சர் ஒரே ஒரு வரி நிரல் எழுதினாங்க. அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கும் வரிசைகளை மட்டும் எடு என்று அதுக்கு அர்த்தம். கண் மூடித் திறப்பதற்குள் 11 பேர் வந்துவிட்டார்கள். நான் கை தட்டினேன்.

ஆனால் என் பக்கத்தில் உட்காரும் தோழி பெயர் அதில் வரவில்லை. முகாம் முடிந்த பிறகுதான் பார்த்தோம். அவள் வரிசையில் நான் 'இல்ல' என்று பேசுகிற மாதிரியே டைப் செய்திருந்தேன். கம்ப்யூட்டருக்கு 'இல்ல' வேறு, 'இல்லை' வேறு. அவள் ஒண்ணும் சொல்லவில்லை, எப்பவும் போல என் நோட்டைப் பார்த்து எழுதினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் திட்டவில்லை. 'ஆம்' எத்தனை என்று எண்ணச் சொன்னாங்க. 30. 'இல்லை' 11. கூட்டினால் 41. மொத்தம் 42. முதலிலேயே இப்படிக் கூட்டியிருந்தால் ஒருத்தி விட்டுப்போனது தெரிந்திருக்கும். ஹாலரித் மெஷினில் மணி அடிக்கும். நம்மகிட்ட மணி இல்லை, அதனால் நாமதான் கூட்டிப் பார்க்கணும்.

அடுத்த வாரம் டீச்சரே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இப்போ அவள் கண்ணாடி போட்டிருக்கா. இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவளும் அவள்தான்.

தோழர்களே, அட்டவணையில் ஒரு வரிசை என்றால் ஒரு ஆள். ஒரு எழுத்து விட்டால் ஒரு ஆளை விட்ட மாதிரி. ஸ்பெல்லிங்குக்குப் பயந்த ஹாலரித் தாத்தாவிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி