அந்தி வெயிலைக் குழைத்துத் தீட்டிய டர்னர்

லண்டன் மாநகரில் கோவென்ட் கார்டன் என்ற பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. அதன் ஜன்னலில் சின்னச் சின்னப் படங்கள் தொங்கும். விலை ஒரு ஷில்லிங் முதல் மூன்று ஷில்லிங் வரை. வரைந்தவன் கடைக்காரரின் மகன்.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் சூரிய அஸ்தமனத்தைத் தீட்டுவதில் இணையற்றவர் என்று பெயர் பெற்ற ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர். பிறந்த ஆண்டு 1775.

வீட்டில் நிம்மதி இல்லை. தாயாருக்குச் சித்தப்பிரமை. மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1804-ல் அவர் இறந்துபோனார். தந்தையோ மகனே உலகம் என்று இருந்தார். கடையை மூடிவிட்டு, மகனுக்குத் துணி கட்டிக் கொடுப்பது, படங்களுக்கு வார்னிஷ் பூசுவது என்று 1829-ல் சாகும்வரை உழைத்தார்.

டர்னர் 14-வது வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார். 26-வது வயதில் அந்த அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார்.

வெள்ளையின் ரகசியம்

அக்காலத்து ஓவியர்கள் பலர் துணியின் மேல் முதலில் பழுப்பு நிறம் பூசுவார்கள். டர்னர் வெள்ளை பூசினார். அதன் மேல் மஞ்சளையும் ஆரஞ்சையும் மெல்லியதாகத் தடவினார். அடியில் இருக்கும் வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பியது. வானம் ஜொலித்தது!

இன்னொரு யுக்தியும் உண்டு. படம் முழுவதும் சிவப்பு பூசினால் கண் சலித்துப் போகும். ஆகவே ஒரு பக்கம் குளிர்ந்த நீலத்தை வைத்தார். நீலத்தின் அருகே செம்மை இரு மடங்கு கனிந்து தெரிந்தது.

விமர்சகர்கள் சும்மா இருப்பார்களா? டர்னருக்கு மஞ்சள் ஜுரம் பிடித்துவிட்டது என்று பரிகாசம் செய்தார்கள். அவர் மஞ்சளைக் குறைக்கவில்லை.

விற்க மறுத்த படம்

1805-ல் டிரபால்கர் கடற்போரில் நெல்சனின் கப்பலுக்குத் துணை நின்று போரிட்டது 'டெமரேர்' என்ற போர்க்கப்பல். 1838-ல் அதை உடைப்பதற்காக இழுத்துச் சென்றார்கள். மறு ஆண்டே டர்னர் அதைப் படமாக்கிக் காட்சிக்கு வைத்தார். நிஜத்தில் அப்போது கப்பலில் பாய்மரங்கள் இல்லை, கழற்றியிருந்தார்கள். டர்னர் அவற்றைத் திரும்பக் கொடுத்தார். இடப் பக்கம் வெளிறிய கப்பல். வலப் பக்கம் தீப்பிழம்பாய் அஸ்தமிக்கும் சூரியன். ஒரு யுகம் முடிவதை வர்ணமே சொல்லிவிட்டது. எவ்வளவு கேட்டும் அந்தப் படத்தை அவர் விற்கவில்லை.

ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதம் நஷ்டமாக முடிந்தது. அவர் ஆசையாகப் பயன்படுத்திய சில சிவப்பு வர்ணங்கள் வெளிச்சம் பட்டால் வெளிறுபவை. வர்ண வியாபாரி எச்சரித்தும் கேட்கவில்லை. அதனால் அவர் தீட்டிய சில அந்தி வானங்கள் இன்று செம்மை இழந்து நிற்கின்றன.

கடைசி ஆசை

கடைசி நாட்களில் செல்ஸியில் தம் பெயரை மறைத்து வாழ்ந்தார். 1851 டிசம்பர் 19-ல் காலமானார். செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

தம் படங்களை நாட்டுக்கும், பணத்தை ஏழை ஓவியர்களுக்கும் உயில் எழுதி வைத்தார். உறவினர்கள் வழக்குப் போட்டுப் பணத்தைப் பெற்றார்கள். படங்கள் நாட்டுக்குக் கிடைத்தன. எண்ணெய் வர்ணப் படங்கள் மட்டும் சுமார் 300!

இளமையில் தம்மை மயக்கிய பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேனின் இரு படங்களுக்கு அருகே தம் படங்கள் இரண்டைத் தொங்கவிட வேண்டும் என்பதும் அந்த உயிலில் இருந்தது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் அவ்விதமே வைத்திருக்கிறார்கள்.

2020-ல் வெளியான 20 பவுன் நோட்டில் டர்னரின் முகமும் டெமரேர் கப்பலும் இடம் பெற்றன. மூன்று ஷில்லிங்குக்குப் படம் விற்ற சிறுவன், நாட்டின் நாணயத்திலேயே ஏறிவிட்டான்!