காலத்தைக் கடக்க வைத்த கல்கி

விடுமுறை நாட்களில் நம் குழந்தைகளைச் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துச் செல்கிறோம். ராஜமகாலைக் காட்டி, விஜயநகர வேந்தர்கள் வாழ்ந்த இடம் என்கிறோம். அதன்பின் சொல்ல நமக்கு ஒன்றும் இருப்பதில்லை. கல்லைப் பேச வைக்கக் கதாசிரியர் ஒருவர் வேண்டும். தமிழருக்கு அவ்வாறு வாய்த்தவர் அமரர் கல்கி.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-இல் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பயிலுங்கால் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு, 1921-இல் இறுதிப் பரீட்சை எழுதாமலே பள்ளியைத் துறந்தார். அடுத்த ஆண்டு சிறை புகுந்தார். மெட்ரிக்குலேஷனோடு நின்றுவிட்ட நம் போன்றோர்க்கு இது ஓர் ஆறுதல். பின்னர் 'நவசக்தி', 'விமோசனம்', 'ஆனந்த விகடன்' ஆகியவற்றில் பணிபுரிந்து, 1941-இல் சதாசிவத்துடன் 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

ஆங்கில எழுத்தாளர் வெல்ஸ் 1895-இல் எழுதிய கதையில், காலத்தில் பயணம் செய்ய ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. கல்கிக்கோ நிலவொளியே போதுமானதாயிற்று. 'மோகினித் தீவு' என்னும் கதையில், பர்மாவிலிருந்து யுத்த காலத்தில் கப்பலேறி வந்தவன் ஒரு தீவில் இறங்குகிறான். அங்கே நிலவில் தோன்றும் ஆணும் பெண்ணும் சோழ பாண்டியர் காலத்துக் காதலைச் சொல்லக் கேட்கிறான். மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி.யுடன் இருந்த வேளையில் உதித்த எண்ணமே 'சிவகாமியின் சபத'மாக வளர்ந்தது.

நிமிஷக் கணக்கில் பணிபுரியும் ரயில்வே ஊழியர்களாகிய நாம் அறிவோம். சென்ற வண்டி திரும்பாது. பழங்காலத்துக்குச் செல்லும் கதைகள் நம்மை ஈர்ப்பதும் அதனாலேயே. வாதாபி வீழ்கிறது, சிவகாமியின் சபதம் நிறைவேறுகிறது, ஆயினும் இழந்த ஆண்டுகளை அவளுக்கு யாராலும் மீட்டுத் தர இயலவில்லை. நாம் உடன் சென்று காணலாம், கண்ணீர் சிந்தலாம். நடந்ததை மாற்ற முடியாது. அவ்வளவு உண்மையாக எழுதியதால்தான் அக்கதைகள் இன்றும் வாழ்கின்றன.

1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை எழுதி முடித்த கல்கி, 1954 டிசம்பர் 5-இல் தமது 55-ஆம் வயதில் மறைந்தார். 'அலை ஓசை'க்குச் சாகித்திய அகாதமி விருது 1956-இல் அளிக்கப்பட்டபோது அதனைப் பெற அவர் இல்லை.

2022-இலும் 2023-இலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபோது நம் காலனிக் குழந்தைகள் மகிழ்ந்தனர். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், தெலுங்கில் பயிலும் அவர்களிற் பலர் எழுத்துக்கூட்டித் தடுமாறுகின்றனர். குறை குழந்தைகளுடையதன்று, நம்முடையதே. இரவுதோறும் ஓர் அத்தியாயம் நாம் உரக்கப் படிப்போமாக. இந்த வண்டியும் சென்றுவிட்டால் திரும்பாது.